ஆறு மாதப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பழனாத்தாள் பீரோவைத் திறந்து, பட்டுப் புடவைகளுக்கு அடியில் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்த சிவப்புக் காரை எடுத்துக் கட்டிலின்மீது வைத்தாள். ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் கார். பின்புறத்தில் இரண்டு பக்கமும் இறக்கை விரித்தாற்போல் தகடு நீண்டிருக்கும் பழைய அமெரிக்க இம்பாலா. கட்டிலின் மறுமுனையில், அதே காரின் வண்ணப்படம் அச்சிட்ட அட்டைப்பெட்டி ஒன்று, மேலே சுற்றிய கண்ணாடித்தாள் உறை பிரிக்கப்படாமல் இருந்தது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் நஞ்சுண்டன் இரண்டையும் ஒருசேரப் பார்த்தார். பதினோரு ஆண்டுகளில் அவை இரண்டும் ஒரே வெளிச்சத்தில் இருந்ததை அவர் கண்டதில்லை. பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருப்பதை உணர்ந்து, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மேலிருந்து மீண்டும் தொடங்கினார்.

"இதையும் எடுத்துட்டுப் போங்க," என்றாள் பழனாத்தாள்.

"அது எதுக்கு?"

"பொட்டியப் பிரிச்சதும் அவுருக்குத் தெரிஞ்சிரும். அப்பறம் வெறுங்கையோட நிப்பீங்களா?"

"பிரிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிப்போடறேன்."

"பதினோரு வருசமா இதையேதானுங்க சொல்றீங்க." குரலை உயர்த்தாமல் கூறிவிட்டு, அவள் காரை ஒரு துணிப்பையில் இறக்கி, மேலே துண்டை மடித்துப் போட்டாள். "சக்கரம் நசுங்காம மடியில வச்சுக்குங்க." அதை அவள் குத்தலாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. சந்தைக்குப் போகிறவரிடம் தக்காளியைப் பையில் மேலாக வைக்கச் சொல்வதுபோலவே சொன்னாள்.

அந்தப் பெட்டிக்குள் கார் இல்லை என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். பெட்டியில் சரிபாதிக்கு உரியவரான ரிஃபத்துக்குத் தெரியாது. இன்று பகல் பத்து மணிக்குத் துடியலூரில், ரிஃபத்தின் வீட்டு மேசையில், அவருடைய கண் முன்னால் அந்த உறை அறுபடப் போகிறது. கண் முன்னால் என்று சொல்வதுகூட முழுமையாகப் பொருந்தாது. ரிஃபத்துக்கு வலக்கண் சென்ற ஆண்டே போய்விட்டது. இடக்கண்ணில், எதைப் பார்த்தாலும் அதன் நட்டநடுவே ஒரு சாம்பல் நிற வட்டம் வந்து நிற்பதாகச் சொல்லியிருந்தார். சர்க்கரை நோய் விழித்திரையை அரித்துக்கொண்டிருந்தது. மாதம் ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போட்டுக்கொண்டார். புதன்கிழமை தொலைபேசியில் அழைத்தபோது, எப்போதும்போல் நலம் விசாரித்துவிட்டு, தம் பட்டறைக்கு வந்த மோட்டாரைப் பற்றிப் பேசுகிற குரலிலேயே அவர் கூறினார்: "ஏனுங்க நஞ்சுண்டன், இந்தத் தடவ பொட்டியக் கை மாத்திக்க வேண்டாமுங்க. பிரிச்சரலாம். தீபாவளி வரைக்குமெல்லாம் இந்தக் கண்ணு தாங்காதுங்க. அந்தக் காரை ஒருதடவ நானுங் கண்ணுல பாத்துப்போடறேன்." நஞ்சுண்டன், "சரிங்க, வாரேனுங்க," என்றார்.

அவர்கள் இருவரும் முதன்முதலில் சந்தித்துக்கொண்டதே அந்தப் பெட்டியின் பொருட்டுத்தான். ஆனைமலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் பங்களாவைக் காலி செய்தபோது, பழைய துரைமார் குடும்பங்கள் விட்டுச்சென்ற சாமான்களைத் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அங்கப்பன் ஏலம் விட்டார். கட்டில், நாற்காலி, பீங்கான் இவற்றுக்காகப் பொள்ளாச்சி வியாபாரிகள் வந்திருந்தனர். பிள்ளைகளின் அறையிலிருந்து வந்த சாக்கு மூட்டையை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை, இரண்டு பேரைத் தவிர. ஒருவர் சிங்காநல்லூரில் ஒரு நூற்பாலையின் பொதிகட்டும் பிரிவில் வேலை செய்த நஞ்சுண்டன். மற்றவர் துடியலூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்த ரிஃபத். தத்தம் ஊரில், இப்படியொரு பைத்தியம் தமக்கு மட்டுமே உண்டு என்று இருவரும் பல ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தவர்கள். துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஒட்டிக் கார் செய்வது பிள்ளைகளின் விளையாட்டென்றே வீட்டாரும் உறவினரும் நினைத்தனர். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன பழக்கம் என்று கேட்டதற்கு, "பொம்மைக் காரு ஒட்டுவாருங்க" என்று நஞ்சுண்டனின் மாமா சொன்னதும், அந்த வீட்டார் காப்பியைக் கொடுத்து அனுப்பிவைத்ததும் உண்டு.

சாக்கிலிருந்து அங்கப்பன் எடுத்த முதற்பெட்டியே இந்த இம்பாலாதான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இலண்டன் கடையொன்றில் ஒட்டிய மஞ்சள் நிற விலைச்சீட்டோடு, உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. இருவரும் மாறி மாறி விலையை ஏற்றினர். ஐந்தாவது முறை அங்கப்பன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங், ரெண்டு பேரும் பெரிய மனுசங்களா இருக்கறீங்க. அக்கட்டால போயி பேசி முடிச்சுட்டு வாங்க. எனக்கு இன்னும் எட்டுக் கட்டில் விக்கோணும்," என்றார். கொய்யா மரத்தடியில் நின்று பேசி முடித்தனர். பெட்டி இருவருக்கும் பொது. ஆறு மாதம் ஒருவர் வீட்டில், ஆறு மாதம் மற்றவர் வீட்டில். சனவரியிலும் சூலையிலும் முதல் ஞாயிறு கைமாற்றிக்கொள்வது. பிரிப்பதென்றால் இருவரும் இருக்கும்போதே பிரிப்பது, சேர்ந்தே கட்டுவது. "இப்பவே பிரிச்சாத்தான் என்னங்க?" என்று மலையிறங்கும் பேருந்தில் நஞ்சுண்டன் கேட்டார். ரிஃபத் பெட்டியை மடியிலிருந்து எடுக்காமல், "இருக்கட்டுமுங்க. கடைசியாப் பிரிக்கறதுக்குன்னு ஒண்ணு வேணுமில்லீங்களா," என்றார்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாக எத்தனையோ கார்களைக் கட்டினார்கள். ஊட்டி, குன்னூர்ப் பழஞ்சாமான் கடைகளில் தேடி, மூடியில்லாத பெட்டிகள், பாதி ஒட்டிக் கைவிட்டவை, சக்கரமில்லாதவை என்று சேர்த்தனர். பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல் வருமாதலால் அச்சட்டத்தைக் 'கொடி' என்றே தங்களுக்குள் அழைத்தனர். கொடியிலிருந்து பாகத்தை நகவெட்டியால் பறிப்பதும், வெட்டுவாயை எமரித் தாளால் தேய்ப்பதும், சோப்புத் தண்ணீரில் கழுவி முறத்தில் உலர்த்துவதும் நஞ்சுண்டனின் வேலை. ஒட்டுவது ரிஃபத்தின் வேலை. தலைமுடி போன்ற செப்புக் கம்பியைக் காயிலில் சுற்றிப் பழகிய அவர் விரல்கள், பசை ஒரு துளிகூட மிகாமல் வைக்கும். இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கத்திலும் அவர்கள் ஒருவரையொருவர் ஒருமையில் அழைத்ததில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் சித்திரை மாதத்தில் நஞ்சுண்டனின் ஆலையை மூடினார்கள். முப்பத்தொரு ஆண்டுகள் ஒரே வாயில் வழியாக உள்ளே போனவர், வாயிலில் ஒட்டிய அறிவிப்பைப் படித்துவிட்டு வீடு திரும்பினார். பழனாத்தாள் காலையில் அங்கன்வாடிக்குப் போய்விடுவாள். மகள் கயல்விழி பெங்களூரில் வேலையிலிருந்தாள். பகல் முழுவதும் வீடு அவர் ஒருவரோடு இருந்தது. தொலைக்காட்சியைப் போட்டால், அதில் எவரோ எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மின்விசிறியைத் துடைத்தார், குழாயைப் பழுது பார்த்தார், கதவுகளுக்கு எண்ணெய் விட்டார். ஐந்தாவது வாரம் பழுது பார்ப்பதற்கு வீட்டில் ஒன்றும் எஞ்சவில்லை. கைகள் மட்டும் பழைய நேரத்துக்கு விழித்துக்கொண்டு, ஏதேனும் கொடு என்று கேட்டன. அவரிடமிருந்த கார்களெல்லாம் கட்டி முடித்தவை. கட்டாதது அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

உறையை அறுத்த கணம் அவருக்கு நினைவில் இல்லை. அறுத்தபின் பெட்டிக்குள்ளிருந்து எழுந்த மணம் நினைவிலிருந்தது. நாற்பது ஐம்பது ஆண்டுக் காற்று அது. ஒன்பது நாட்கள் காலை எட்டு மணி முதல் மாலை நாலு மணி வரை, ஆலையின் முறைநேரம் போலவே உட்கார்ந்து கட்டினார். எட்டு உருளை இயந்திரம், அதன்மேல் காற்றுச் சல்லடை, உள்ளே இரண்டு வண்ண இருக்கைகள், சுழற்றினால் முன் சக்கரங்களும் திரும்பும் ஸ்டீயரிங் வளையம். அந்த ஒன்பது நாட்களும் தமக்கு வேலை போய்விட்டது என்பதை அவர் ஒருமுறைகூட எண்ணவில்லை. பத்தாம் நாள் முன்கண்ணாடியை ஒட்டும்போது, பசை பட்ட பெருவிரல் அதன்மேல் பதிந்துவிட்டது. அந்தப் பசை பிளாஸ்டிக்கைக் கரைத்துப் பிடிப்பது. தெளிந்த கண்ணாடியின் ஓட்டுநர் பக்கத்தில், ரேகை ரேகையாக, துடைக்கவியலாத விரலடையாளம் ஏறிற்று. அப்போதுதான் அவர் தலை நிமிர்ந்து நாட்காட்டியைப் பார்த்தார். சூலை முதல் ஞாயிற்றுக்கு நான்கு நாட்களே இருந்தன.

வேறு எவரேனுமாயின் அன்றே போய்ச் சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் மறைக்க வழி தெரிந்திருக்காது என்பதும் அதற்கு ஒரு காரணமாயிருக்கும். நஞ்சுண்டனுக்கு வழி தெரிந்திருந்தது. முப்பத்தொரு ஆண்டுகள் நூல் கோன்களைக் கண்ணாடித்தாளில் சுற்றிச் சூடு காட்டி இறுக்கிப் பொதி கட்டியவர் அவர். வெற்றுக் கொடிகளையும் செய்முறைத் தாளையும் பெட்டிக்குள் அடுக்கினார். எடை குறையாதிருக்க, நூல் சுற்றும் காகிதக் கோன் இரண்டை நசுக்கி அடியில் வைத்தார். அதே கனமுள்ள கண்ணாடித்தாளை வெட்டிச் சுற்றி, இஸ்திரிப் பெட்டியால் ஓரத்தை ஒட்டி, சூடு காட்டினார். தாள் சுருங்கிப் பெட்டியின் மூலைகளைப் பற்றிக்கொண்டது. பழைய உறையிலிருந்த மஞ்சள் விலைச்சீட்டை ஆவியில் காட்டிப் பிரித்து, இருந்த இடத்திலேயே ஒட்டினார். ஆலையில் அவர் கட்டிய பொதிகளில்கூட இவ்வளவு நேர்த்தியானது இருந்ததில்லை.

கைமாற்றும் நாளில் பெட்டியின் நான்கு மூலைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது ரிஃபத்தின் வழக்கம். அன்றும் பார்த்தார். வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் பார்த்ததாக நஞ்சுண்டனுக்குத் தோன்றியது. பிறகு, "பத்திரமா வச்சிருக்கறீங்க," என்று கூறிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். அடுத்த சனவரியில் சொல்லிவிடலாம் என்று நஞ்சுண்டன் நினைத்தார். அந்தச் சனவரியில் ரிஃபத்தின் மகளுக்கு நிச்சயம் நடந்தது. அதற்கடுத்த சூலையில் ரிஃபத்தின் தாயார் இறந்து பத்து நாட்கள்தாம் ஆகியிருந்தன. காரணமே இல்லாத ஆண்டுகளும் இருந்தன. இருபத்திரண்டு முறை பெட்டி கை மாறிற்று. பொய் ஒருமுறை சொன்னதோடு முடிந்துவிடும் என்று அவர் எண்ணியிருந்தார். அதுவோ ஆறு மாதத்துக்கொருமுறை பேருந்தேறி வந்தது, தேநீர் குடித்தது, நலம் விசாரித்தது, திரும்பிப் போயிற்று. சென்ற ஆண்டு இதே கார், இதே பெட்டி, அமெரிக்காவில் ஒருவரிடம் விற்பனைக்கு இருப்பதை, எதற்கென்று அறியாமலே கயல்விழி கணினியில் தேடிக் காட்டினாள். அதை வரவழைத்து மாற்றி வைத்துவிட்டால் எவருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அது விற்றுப்போயிருந்தது. அப்போது தமக்கு உண்டானது வருத்தமன்று, நிம்மதி என்பதை அறிந்து அவர் தம்மைப் பற்றியே வியந்தார்.

காந்திபுரத்தில் இறங்கி மேட்டுப்பாளையம் பேருந்தில் ஏறினார். மடியில் பெட்டி, பெட்டியின்மேல் பை. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து வீசிய ஈரக்காற்று சன்னல் வழியே வந்து சட்டைக்குள் புகுந்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி பெட்டியிலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "பேரனுக்குங்களா?" என்றாள். "இல்லீங்க, ஒரு சிநேகிதருக்கு," என்றார். அவள் சிரித்தாள். அவரும் சிரித்திருக்க வேண்டும், ஆனால் முகம் அசையவில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கவுண்டம்பாளையம் வரை மனத்துக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டே வந்தார். அது ஒவ்வொரு முறையும் ஆலையில் தொடங்கியது. ஆலையில் தொடங்கினால் அது மன்னிப்புக் கேட்பதாகாது, இரக்கம் கேட்பதாகும் என்று தோன்றவே, முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார்.

ரிஃபத் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி, ஓரக்கண்ணால் பார்ப்பது இப்போது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. நடுவிலுள்ள வட்டத்தைத் தவிர்க்க அதுவே வழி. "வாங்க, வாங்க. நேரமே வந்துட்டீங்க," என்று கையைப் பற்றி உள்ளே அழைத்துச் சென்றார். முன்னறை மேசையில் செய்தித்தாள் விரித்து, புதுப் பசைக்குழல், நகவெட்டி, எமரித் தாள், கிண்ணத்தில் தண்ணீர் எல்லாம் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. மேசை விளக்குகள் இரண்டு, பகலிலேயே எரிந்துகொண்டிருந்தன.

"ஃபேன நிறுத்திப்போட்டேனுங்க. சின்ன உருப்படியெல்லாம் பறந்துரும். வேர்த்தாப் பொறுத்துக்குங்க."

"அதனாலென்னங்க."

சமையலறையிலிருந்து ரிஃபத்தின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். "அண்ணா, ரெண்டு நாளா இவரு தூங்கல. எங்க கல்யாணத்துக்குக்கூட இப்படி முழிச்சிட்டு இருக்கல," என்றார்.

"கல்யாணத்துக்குப் பொட்டிக்குள்ள என்ன இருக்குதுன்னு தெரியும். எங்க அம்மா முன்னாலயே பாத்துட்டு வந்து சொல்லிப்போட்டாங்க," என்றார் ரிஃபத். அவர் மனைவி, "இந்த வாய்க்கொண்ணும் சர்க்கரை வரல," என்று கூறிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ரிஃபத் பெட்டியைத் தம் முன்னால் இழுத்து, நான்கு மூலைகளையும் விரலால் தடவினார். மேசைமேலிருந்த பிளேடைத் துழாவி எடுத்து நீட்டினார். "ஓரம் எனக்குத் தெரியாதுங்க. அட்டையக் கீறிப்போடுவேன். நீங்களே அறுங்க. தாள நீங்க படிச்சுச் சொல்லுங்க, ஒட்டறத நான் பாத்துக்கறேன். காயிலெல்லாம் கண்ணுலயா கட்டுனேன்?"

நஞ்சுண்டன் பிளேடை வாங்கினார். எந்த ஓரத்தில் இணைப்பு இருக்கிறது என்று தேட வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. அது அடிப்பக்கம், இடக்கை ஓரம். இஸ்திரிப் பெட்டி ஓரிடத்தில் சற்று அதிகமாகப் பட்டு, தாள் அங்கே ஒரு கோதுமையளவு மங்கியிருந்தது. பிளேடை மேசைமேல் வைத்தார்.

"இதுக்குள்ள கார் இல்லீங்க."

ரிஃபத் புன்னகைத்தார். "டயரு உருகிக் கெடுத்திருக்கும்ங்கறீங்களா? அது தெரிஞ்சதுதானுங்க. பழைய ரப்பரு பிளாஸ்டிக்கத் திங்கத்தான் செய்யும். கண்ணாடி மட்டும் நல்லா இருந்தாப் போதும்."

"அது இல்லீங்க. காரே இல்ல. நான் கட்டிப்போட்டேன். மில்லு மூடுன வருசம், உங்களுக்குச் சொல்லாம பிரிச்சு, ஒருத்தனாவே கட்டிப்போட்டேன். அப்பறம் நானே சுத்தி ஒட்டுனேன்."

வெளியே யாரோ இருசக்கர வண்டியை நிறுத்தி, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார்கள். கதவு திறந்தது, பேச்சுக் குரல் கேட்டது, மூடியது. ரிஃபத்தின் கைகள் பெட்டியின்மேல் இருந்த இடத்திலேயே இருந்தன.

"மில்லு மூடி எத்தன வருசமுங்க?"

"பதினொண்ணு."

"அப்ப நான் ஆறு ஆறு மாசம் பூட்டி வச்சது?"

"வெறுங் கொடிங்க. கனத்துக்கு ரெண்டு நூல் கோனு."

"நூல் கோனு," என்றார் ரிஃபத். பெட்டியைச் சற்றுத் தூக்கிக் கனம் பார்த்துவிட்டு மீண்டும், "நூல் கோனு," என்றார். "புள்ள கல்யாணத்தப்ப ஊடு நெறைய ஒறம்பர சனம். யாராச்சும் கொழந்தைக எடுத்துப் பிரிச்சுப்போடும்னு நகையக்கூட ஊட்டுல வச்சுட்டு, இதைத் தூக்கிட்டுப் போயி எங்க தங்கச்சி ஊட்டுல வச்சேன். மழைல. சாக்குச் சுத்தி."

நஞ்சுண்டன் தலை குனிந்திருந்தார். வழியெல்லாம் ஒழுங்குபடுத்திய வாக்கியம் எங்கோ போய்விட்டிருந்தது. வியர்வை காதோரமாக இறங்கிக் கழுத்துக்குள் போயிற்று. அதைத் துடைப்பதும் இப்போது முறையாகாது என்று பட்டது.

"நான் ஒண்ணு சொல்றேன் கேளுங்க," என்றார் ரிஃபத். முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தார். "பழைய உறையில ஊசியால குத்துனாப்புல ரெண்டு காத்தோட்ட ஓட்டை இருந்துச்சு. கம்பெனிலயே போடறது. அந்த வருசம் நீங்க கொண்டாந்தப்ப அது இல்லீங்க. கண்ணாடி வச்சு நாலு தடவ தேடிப் பாத்தேன்."

"அப்பவே தெரியுமுங்களா?"

"தெரியும்னு யாரு சொன்னா? வெயிலுக்குத் தாளு எளகி ஓட்டை மூடிக்கிச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துருக்குது. கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிப்போட்டா, அப்பறம் ஞாயித்துக்கிழமைக்கு நான் எங்க போறது?" அவர் குரல் அப்போதும் உயரவில்லை. "நீங்க மறைச்சீங்க, அது ஒரு பக்கம். என்னையும் கூட வச்சு மறைச்சுப்போட்டீங்க பாருங்க. அதுதானுங்க எனக்கு ஆகல."

எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனார். சமையலறையில் தாழ்ந்த குரலில் இருவர் பேசுவது கேட்டது. சொற்கள் விளங்கவில்லை. நஞ்சுண்டன் விரித்த செய்தித்தாளையும் எரிகின்ற இரண்டு விளக்குகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடலாமா என்று எண்ணினார். போனால் திரும்ப வரமுடியாது. இருந்தால் எப்படி இருப்பதென்று தெரியவில்லை. அவருக்கு இப்போது அறுபத்துநான்கு வயது. இந்த அறையில் இந்த நாற்காலியில் உட்காராத ஞாயிற்றுக்கிழமைகள் இனி எத்தனை வரும் என்று எண்ணிப் பார்த்தார். எழாமலிருப்பதற்கு அதுவே காரணமாயிற்று.

ரிஃபத் திரும்பி வந்து உட்கார்ந்தார். முகம் கழுவியிருந்தார்.

"அந்தக் காரு எங்க?"

நஞ்சுண்டன் பையைப் பிரித்துத் துண்டை நீக்கி, காரை அவர் கைகளில் வைத்தார். ரிஃபத் அதை விளக்கின் அருகே கொண்டுபோய், முகத்தை இடமும் வலமுமாகத் திருப்பிப் பார்த்தார். சிவப்பு மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு விரல்களை அனுப்பினார். முகப்பு, மேல்தட்டு, கதவோரம், பின்புற இறக்கைகள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு நிற்கும்வரை காத்திருந்தார். முன்கண்ணாடியில் விரல் நின்றது. நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"பெருவெரலா?"

"ஆமாங்க."

"எத்தன தடவ சொல்லியிருப்பேன், கண்ணாடிக்குக் கையில பசை இருக்கப்படாதுன்னு." மறுபடியும் கதவோரத்தைத் தடவினார். "மத்ததெல்லாம் நெம்ப நல்லாக் கட்டியிருக்கறீங்க. என்னையாட்டவே கட்டியிருக்கறீங்க." அதைச் சொல்லும்போது அவருடைய வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. பாராட்டா வசையா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. "இது எனக்கு வேண்டாமுங்க."

"உங்களுக்குன்னுதான் கொண்டாந்தேன்."

"கட்டுன காரை வச்சுட்டு நான் என்ன பண்றது? தடவிப் பாக்கறதுக்கா? நான் கட்டோணும்." காரை மேசைமேல் வைத்துவிட்டு, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏம்மா, ஃபிரிட்ஜுல மேல எடம் இருக்குதா?"

நஞ்சுண்டனுக்கு உடனே விளங்கிவிட்டது. பழைய பசை கடுங்குளிரில் வறண்டு கண்ணாடிபோல் ஆகிவிடும். அப்போது ஒட்டிய இடத்தில் மெல்லத் தட்டினால் இணைப்பு விட்டுப்போகும். பாதி ஒட்டிக் கைவிட்ட கார்களை ஊட்டியில் ஒருவர் அப்படிப் பிரித்து மீண்டும் கட்டுவதாக இருவரும் கேள்விப்பட்டிருந்தனர். செய்து பார்த்ததில்லை.

"அறுவது வருசத்துப் பிளாஸ்டிக்குங்க," என்றார். "ஒட்டு உடறதுக்கு முன்னால உருப்படியே ஒடைஞ்சாலும் ஒடைஞ்சிரும்."

"தெரியுமுங்க."

"ஒடைஞ்சா அப்பறம் எதுவுமே இல்லாமப் போயிரும்."

"இப்ப மட்டும் என்ன வாழுதுங்க?" என்றார் ரிஃபத்.

அவர் மனைவி குளிர்ப்பெட்டியின் மேலறையைத் திறந்து, இறைச்சிப் பொட்டலத்தையும் பனிக்கட்டித் தட்டையும் ஒருபுறம் ஒதுக்கினார். காரை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு உள்ளே வைத்தபோது, "இந்தக் கதவுல இவுரு இன்சுலின் மருந்து, உள்ள காரு. நாஞ் சமைக்கறதுக்கு வேற ஊடு பாக்கோணும்," என்றார். எவரும் சிரிக்கவில்லை. அதற்காக அவர் சொல்லவுமில்லை.

இரண்டு மணிநேரம் உட்கார்ந்திருந்தனர். ரிஃபத் சொல்லியபடி நஞ்சுண்டன் பெட்டியின் உறையை அறுத்து, கோன்களை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, செய்முறைத் தாளை மட்டும் மேசையில் விரித்தார். "நீங்க உருப்படியத் தொடப்படாது. படிக்கறது மட்டுந்தான்," என்றார் ரிஃபத். நஞ்சுண்டன் படித்தார். முதற்படி, இயந்திரத்தின் இடப்பாதி, வலப்பாதி. இரண்டாம் படி, உருளைகளின் மேல்மூடிகள். ரிஃபத் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இடையில் ஒருமுறை, "இந்த எடத்துல நீங்க எப்படிப் புடிச்சீங்க?" என்று வினவினார். "இடுக்கியிலங்க," என்றார் நஞ்சுண்டன். "ம்," என்றார் ரிஃபத். நாலாம் படிக்கு வந்தபோது நஞ்சுண்டனுக்குத் தொண்டை வறண்டது. தேநீர் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதையே குடித்துவிட்டு ஐந்தாம் படியைத் தொடங்கினார்.

பன்னிரண்டரை மணிக்கு ரிஃபத் எழுந்தார். நஞ்சுண்டனும் பின்னால் போய்ச் சமையலறை வாசலோடு நின்றுகொண்டார். குளிர்ப்பெட்டியின் மேலறையைத் திறந்ததும் வெண்புகை கீழிறங்கி ரிஃபத்தின் முகத்தில் படர்ந்தது. கையை உள்ளே விட்டுத் துழாவிப் பையை எடுத்து, காரை வெளியே இழுத்தார். சிவப்பு நிறம் தெரியாதபடி அதன்மேல் பூம்பனி படிந்திருந்தது. மனைவி ஒரு துண்டை மடித்துச் சமையல் மேடையில் போட்டார். ரிஃபத் காரை அதன்மேல் கவிழ்த்து வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்து, அடித்தட்டும் உடலும் சேரும் கோட்டை நகத்தால் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு ஒரு தேக்கரண்டியை எடுத்து, அதன் காம்பினால் அந்தக் கோட்டின்மேல் மெல்லத் தட்டினார். சத்தம் அடைத்தாற்போல் கேட்டது, ஒட்டு விடவில்லை. மோட்டாரின் பேரிங் சத்தத்தைக் கேட்பவரைப்போல் குனிந்து, காதைக் காரின் அருகே வைத்துக்கொண்டு, ஓரங்குலம் தள்ளி மறுபடியும் தட்டினார்.